பழைய வைஸை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய இரும்புக் கடையில் விநோதமான வைஸ் (இரு தாடைகளுக்கு நடுவே பொருளைத் திருகால் இறுக்கிப் பிடிக்கும் கருவி) கண்ணில் பட்டால் கை முதலில் எழுத்தைத்தான் தேடும். பெயரும் எண்ணும் பிறகு இருக்கட்டும். அது எந்தத் தொழிலுக்குச் செய்தது, திருகு எப்படி இயங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

தரை வரை கால் நீண்டிருந்தால் அது கொல்லர் வைஸ். உடைந்த ஸ்டாண்டு என்று நினைத்து அந்தக் காலை அறுத்துவிடுபவர்கள் உண்டு. சம்மட்டி அடியைத் தரைக்கு இறக்குவதே அந்தக் கால்தான். இதன் தாடைகள் விரியும்போது இணையாக நிற்காது, மேல்பக்கம் அகன்றே நிற்கும். கீழே கீல் போல் அசைவதால் வருவது அது, தேய்மானம் அல்ல. திருகைத் தளர்த்தியும் முன்தாடை தானாக விலகவில்லை என்றால் நடுவிலுள்ள பட்டை ஸ்பிரிங் காணாமல் போயிருக்கும்.

தச்சு வைஸில் ஏமாறுவது இன்னும் சுலபம். தாடையில் துளைகள் இருக்கின்றன, யாரோ ஓட்டை போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள். மரப்பலகை பொருத்துவதற்கான துளைகள் அவை. மூடும்போது தாடைகளின் மேல்விளிம்பு முதலில் தொட்டு, கீழே மெல்லிய இடைவெளி தெரிந்தால் அரத்தை எடுக்க வேண்டாம். இறுக்கும்போது மேலே பிடி கிடைக்கவே அந்தச் சாய்வு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ரெக்கார்ட் நிறுவன வைஸில் ‘52½’ என்றிருப்பது மாடல் எண். அதன் தாடை அகலம் 9 அங்குலம்.

கைப்பிடியைச் சுற்றும்போது தாடை பிடிக்காமல் வழுக்கினால் “மரை போய்விட்டது” என்று உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். அது விரைவு விடுப்பு வைஸாக இருக்கலாம். சிலவற்றில் ஸ்பிண்டில் (திருகுத் தண்டு) பக்கத்தில் சிறு லீவர் இருக்கும். அழுத்தினால், திருகை ஒரு பக்கமாக மட்டும் கவ்வும் பாதி நட் அதை விட்டு விலகும். காய்ந்த கிரீஸ் அந்த நட்டை விலகிய நிலையிலேயே ஒட்ட வைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். அமெரிக்கத் தச்சு வைஸ்கள் சிலவற்றில் லீவரே கிடையாது. கைப்பிடியை இடப்பக்கம் சற்றுத் திருப்பினால் தாடை தாராளமாக நகரும், வலப்பக்கம் திருப்பினால் பிடிக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, மரக்கட்டை ஒன்றை வைத்து நன்றாக இறுக்குங்கள். சுத்தமான நட்டும் ‘டக்’ என்று தாண்டினால் தேய்ந்தது உண்மை.

எழுத்துக்கு வருவோம். காப்புரிமை ஆண்டைத் தயாரித்த ஆண்டாகக் கொள்ளக்கூடாது. அதே வார்ப்பு பல ஆண்டுகள் ஓடியிருக்கும். தாடைக்கு அடியில் தனியாக நிற்கும் எண் பெரும்பாலும் வார்ப்பு உதிரியின் எண். அமெரிக்க நிறுவனமான வில்டனின் வைஸில் நகரும் தண்டுக்கு அடியில் உத்தரவாதம் முடிவதாகக் குறிப்பிட்டு ஒரு தேதி பொறித்திருந்தால், அதிலிருந்து 5 ஆண்டு பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். பெயின்ட் நிறத்தை நம்பவே வேண்டாம்; யார் எப்போது அடித்தது என்று யாருக்குத் தெரியும்?

எழுத்து மங்கலாக இருக்கிறதென்று கிரைண்டர் வைத்தால் இருந்த எழுத்தும் போய்விடும். பித்தளை பிரஷால் தேய்த்து, சாக்பீஸ் பூசி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் படம் எடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அப்படியே பின்தாடையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்: மஞ்சள் கோடு தெரிந்தால் விரிசலைப் பித்தளையால் ஒட்டியிருக்கிறார்கள்.

புது நட் கடைய வேண்டியிருந்தால் ஒரே மரையை அளந்து முடிவு செய்யக்கூடாது. அங்குலத்துக்கு 4 மரை என்றால் இடைவெளி 6.35 மி.மீ.; தேய்ந்த திருகில் அது 6 மி.மீ. இடைவெளியுள்ள மரை போலவே தெரியும். பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்தால் ஒன்று 63.5, மற்றது 60. அந்த 3.5 மி.மீ. வித்தியாசம் சாதாரண ஸ்கேலிலேயே தெரிந்துவிடும்.