கொரியனையும் கலீசியனையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எப்படி

ரொட்டிக்கு ஸ்பெயினில் பேசப்படும் கலீசியனில் 'பாங்', கொரியனில் 'ப்பாங்'. கலீசியர்கள் எழுதும்போது கடைசியில் 'ன்' தான் போடுவார்கள், ஆனால் சொல்லின் முடிவில் வரும் அந்த ன் அவர்கள் வாயில் 'ங்' ஆகிவிடும், அதனால் இரண்டு சொல்லையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் தோன்றும். ஆனால் சொந்தமும் இல்லை, தற்செயலும் இல்லை. லத்தீன் சொல் ஒன்று கலீசியனுக்கும் போர்த்துகீசியத்துக்கும் வந்தது, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள், ஜப்பானியத்திலிருந்து அது கொரியனுக்குப் போனது. புகையிலைக்குக் கொரியர்கள் சொல்கிற 'தம்பே'யும் இதே வழியில் வந்ததுதான். நம்ம சாவியும் மேசையும்கூட போர்த்துகீசியர் கப்பலில் வந்து இறங்கியவை, கலீசியனில் இன்றும் சாவிக்கு 'சாபெ', மேசைக்கு 'மேசா'.

இதையெல்லாம் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் சொற்கள் பயணம் போகிறவை. அதனால் ஒப்பிட உட்காரும்போது சொற்பட்டியலில் தொடங்காதீர்கள். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதைச் சொல்வதற்கு ஒவ்வொரு மொழியும் உங்களை எதையெல்லாம் சொல்லக் கட்டாயப்படுத்துகிறது என்று பாருங்கள். வேறுபாடு அங்கேதான் தெரியும்.

ஆட்களைப் பற்றிச் சுருக்கமாக. கலீசியன் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு நேர் மேலே பேசப்படுவது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள், போர்த்துகீசியமும் அதுவும் இடைக்காலத்தில் ஒரே மொழியாக இருந்தவை. கொரியனைப் பேசுபவர்கள் ஏழெட்டுக் கோடிப் பேர், ஜேஜு தீவின் பேச்சைத் தவிர அதற்கு உறவு என்று உறுதியாகக் காட்ட வேறு மொழி இல்லை.

சரி, நோட்டில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: கொரியன், கலீசியன், நடுவில் தமிழ். தமிழ் எதற்கு என்பது கொஞ்ச நேரத்தில் புரியும். முதல் வாக்கியம் 'சந்தையில் மீன் வாங்கினேன்'.

கொரியன்: 'ஷிஜாங்-எஸொ ஸெங்ஸொன்-உல் ஸஸ்ஸொயொ.'
கலீசியன்: 'மெர்கெய் பெய்ஷெ நொ மெர்காதொ.'

இப்போது ஒவ்வொரு துண்டாகப் பிரித்து அடியில் பொருள் எழுதுங்கள். கொரியனில் ஷிஜாங் என்றால் சந்தை, எஸொ நம்ம 'இல்', ஸெங்ஸொன் மீன், உல் நம்ம 'ஐ', கடைசியில் வினை. வரிசை தமிழோடு அப்படியே பொருந்தும். அந்த 'உல்'லைப் பேச்சில் விட்டுவிடுவார்கள், நாம் 'மீனை' என்னாமல் 'மீன் வாங்கினேன்' என்று சொல்கிற மாதிரியே. கலீசியனில் வினை முதலில் வந்துவிட்டது, 'நொ' என்ற குட்டிச் சொல்லுக்குள் 'இல்' என்பதும் ஆண்பால் சுட்டும் 'ஒ'வும் சேர்ந்து ஒட்டிக்கிடக்கின்றன. சந்தை அங்கே ஆண்பால். அது பெண்பாலாக இருந்தால் 'நா' என்று போட வேண்டியிருக்கும், ஆக இடத்தைச் சொல்வதற்கே பால் தெரிந்தாக வேண்டும். கொரியனில் பெயர்ச்சொல்லுக்குப் பால் என்ற பேச்சே கிடையாது.

அப்புறம் வினையின் வாலைப் பாருங்கள். 'மெர்கெய்' என்பதில் உள்ள 'எய்' வாங்கியது நான் என்று சொல்லிவிடுகிறது, நம்ம 'ஏன்' போல. கொரிய வினையில் அது இல்லை: நான், நீ, அவர்கள், யார் வாங்கினாலும் ஸஸ்ஸொயொதான், யார் என்பதைச் சூழலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஆக, சொல் வரிசையில் தமிழ் கொரியன் பக்கம், வினை விகுதியில் கலீசியன் பக்கம். நடுப் பத்தியில் தமிழ் இருந்தால் இது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கொரிய வினை ஆளைச் சொல்லாவிட்டாலும் வேறொன்றைச் சொல்லியே தீரும்: நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள் என்று. நண்பனிடம் 'ஸஸ்ஸொ', மற்றவர்களிடம் 'ஸஸ்ஸொயொ', கூட்டத்திலோ செய்தியிலோ 'ஸத்ஸும்னிதா'. வாக்கியம் மீனைப் பற்றியது, கேட்பவர் அதில் இல்லவே இல்லை, ஆனாலும் அவருக்கான மரியாதை வினையில் உட்கார்ந்திருக்கிறது. கலீசியனில் மரியாதை 'தி', 'பொஸ்தெதெ' என்று, நீ, நீங்கள் போல, முன்னிலையில் மட்டும்தான் தலைகாட்டும். நாம் பேச்சில் 'மீன் வாங்கினேங்க' என்கிறோமே, அந்த 'ங்க' செய்கிற வேலையைத்தான் கொரியனில் 'யொ' செய்கிறது. இதை முதலில் கவனித்தபோது நான் நோட்டை மூடிவைத்துவிட்டு வீட்டில் எல்லோரும் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒலியை ஒப்பிடும்போது தமிழ் எழுத்தை நம்பாதீர்கள், மேலே நான் எழுதியதெல்லாம் ஏறக்குறையதான். கொரியனில் நெருப்பு, புல், கொம்பு ஆகிய மூன்றுக்கும் சொற்கள் வேறு வேறு, தமிழில் எழுதினால் மூன்றும் 'புல்' மாதிரிதான் வரும், ஆனால் முதல் மெய்யெழுத்தை ஒன்றில் சாதாரணமாக, ஒன்றில் காற்றோடு, ஒன்றில் இறுக்கிச் சொல்ல வேண்டும். அதனால் முதலில் ஹங்குல் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். செஜோங் மன்னர் 1446இல் வெளியிட்ட அந்த எழுத்தில் இன்று அடிப்படையானவை 24தான், சில மாலைகள் போதும், இந்த மூன்று ஒலியும் எழுத்தின் உருவத்திலேயே தெரியும். கலீசியனில் சிக்கல் உயிரொலியில். 'ஓசொ' என்பதில் ஓ-வை வாய் திறந்து சொன்னால் எலும்பு, குவித்துச் சொன்னால் கரடி. எழுத்தில் எலும்புக்கு மட்டும் மேலே ஒரு கோடு போடுவார்கள். வ என்று எழுதியிருந்தாலும் ப போலத்தான் ஒலிக்கும், அதனால்தான் மேலே 'சாபெ' என்று எழுதினேன்.

எண்களைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். கொரியனில் எண்களே இரண்டு வரிசை, ஒன்று சொந்தம், ஒன்று சீன வழி வந்தது. மணியைச் சொந்த எண்ணில் சொல்லி நிமிடத்தைச் சீன எண்ணில் சொல்வார்கள். கலீசியனில் இரண்டு என்பதற்கே ஆண்பால் 'தோஉஸ்', பெண்பால் 'தூஅஸ்'.

நம்ம மூன்று பத்தியில் கலீசியனில் மட்டும் இருக்கும் ஒன்றையும் தேடிப் பாருங்கள். 'செய்ய', 'போக' போன்ற எச்சத்துக்கே அவர்கள் ஆள் விகுதி சேர்ப்பார்கள். கிளம்ப என்பது 'மர்சார்', நாம் கிளம்ப என்றால் 'மர்சார்மொஸ்', அவர்கள் கிளம்ப என்றால் 'மர்சாரென்'. போர்த்துகீசியத்திலும் உண்டு, ஸ்பானியத்தில் கிடையாது, கொரியனிலும் தமிழிலும் கிடையாது.

ஒற்றுமை கண்ணில் பட்டால் உடனே உறவு என்று எழுதிவிடாதீர்கள். 'மீன் வாங்கினியா?' என்றால் கலீசியர் 'ஆமாம்' என்பதற்குப் பதில் வினையையே திருப்பிச் சொல்வார்: 'மெர்கெய்.' நாமும் 'வாங்கினேன்' என்போம், கொரியரும் அப்படிச் சொல்வதுண்டு. மூன்றும் மூன்று குடும்பம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1905இலேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார், அம்மா, அப்பா, புல் என்று பட்டியல்கள் இன்றும் சுற்றுகின்றன, ஆனால் உறவை நிறுவ ஒலி மாற்றம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வர வேண்டும். அப்படிப்பட்ட ஒழுங்கு எப்படி இருக்கும் என்று பார்க்கக் கலீசியனே நல்ல இடம்: லத்தீனின் ப்ல, க்ல, ஃப்ல மூன்றும் சொல் முதலில் 'ச்ச' ஆகியிருக்கின்றன, மழை 'சூபியா', சாவி 'சாபெ', தீச்சுடர் 'சாமா'. இரண்டு உயிருக்கு நடுவே இருந்த ன விழுந்துபோய் 'லூனா' என்ற நிலா 'லூஆ' ஆனது.

சொல் சரிபார்க்க கலீசிய அகாடமியின் இணைய அகராதியும் கொரிய தேசிய மொழி நிறுவனத்தின் அகராதியும் இலவசம். மொழிபெயர்ப்புச் செயலிகள் கலீசியனுக்கு நடுவே ஸ்பானியத்தையோ போர்த்துகீசியத்தையோ நுழைத்துவிடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், அகராதியில் பார்க்காமல் நோட்டில் ஏற்றாதீர்கள்.

அடுத்த வாக்கியமாக 'பாட்டி வந்தாங்க' என்பதை எடுங்கள். கொரியனில் 'ஹல்மொனி-கா ஒஷொஸ்ஸொயொ', கலீசியனில் 'பெஉ அ அபோஅ'. கொரியனில் இப்போது மரியாதை இரண்டு இடத்தில் இருக்கும், ஒன்று பாட்டிக்கு, ஒன்று கேட்பவருக்கு. எது யாருக்கு என்று நீங்களே பிரித்து எழுதிப் பாருங்கள்.