அடைக்கோழிக்கு முட்டை வைப்பது எப்படி? (12க்கு 3 பொரித்தவன் சொல்வது)

போன வருஷம் சித்திரையில் முதன்முதலாக அடை வைத்தேன். 12 முட்டை, 3 குஞ்சு. மீதி ஒன்பதும் கூமுட்டை. குறை கோழியிடம்தான் என்று முடிவு கட்டி, அதை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை விற்கவில்லை. அதே கோழி ஆவணியில் 11 முட்டைக்கு 10 குஞ்சு இறக்கியது. இடையில் நான் மாற்றியது முட்டையைச் சேர்த்துவைத்த இடத்தையும் நாளையும்தான். அதனால் இந்தப் பதிவில் அந்தப் பகுதி மட்டும் கொஞ்சம் நீளும்.

சேவல் இருக்கிறது, பெட்டை முட்டையிடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். கடையில் விற்கும் வெள்ளை முட்டையை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். அந்தக் கோழிகள் சேவலைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

1. அடைக்கு வந்துவிட்டதா?

முட்டையிட்டு முடித்த பிறகும் கூட்டை விட்டு இறங்காது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். நாளுக்கு ஒரு தடவை இறங்கி, மூக்கைப் பிடிக்கவைக்கும் நாற்றத்தில் பெரிய எச்சமாகப் போடும். இவ்வளவும் இருந்தாலும் நல்ல முட்டையை உடனே வைக்க வேண்டாம். பழைய முட்டை இரண்டைப் போட்டு, இரண்டு ராத்திரி பாருங்கள். எழாமல் படுத்திருந்தால் சரி.

2. முட்டை சேர்ப்பது (நான் கோட்டை விட்ட இடம்)

நாட்டுக்கோழி தினமும் முட்டையிடாது. ஒரு கோழியிடம் 12 முட்டை சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிடும். நான் அப்படித்தான் காத்திருந்து, இட்டதையெல்லாம் சமையலறை அலமாரியில் ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்தேன். கீழே அடுப்பு, வெளியே சித்திரை வெயில்.

இருபத்துமூன்றாம் நாள் பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்தேன். (தோட்டத்துக் கோடியில் போய் உடையுங்கள். வீட்டுக்குள் உடைத்துவிட்டு நான் வாங்கிய திட்டு தனிக்கதை.) ஐந்து முட்டையில் மஞ்சள் கருவின் மேல் மோதிரம் போல ஒரு ரத்த வளையம். கால்நடை மருத்துவரிடம் கேட்டபோதுதான் விளங்கியது. கரு வளரத் தொடங்கி, சில நாளிலேயே செத்ததற்கு அதுதான் அடையாளமாம்.

இட்ட முட்டைக்குள் கரு தூங்கிக்கொண்டிருக்கும். சுமார் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் தூக்கம் கலையாது. அதற்கு மேல் போகப் போக மெல்ல விழித்து வளரப் பார்க்கும். ஆனால் ஒழுங்காக வளர 37, 38 டிகிரி சூடு சீராக வேண்டும். என் அலமாரியில் பகலில் ஒரு சூடு, ராத்திரி ஒரு சூடு. பாதி விழித்து, பாதி வளர்ந்து, கோழியின் வயிற்றுக்கடியில் போவதற்குள்ளேயே சோர்ந்துவிட்டது. அப்படியானால் பிரிட்ஜில் வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அங்கே 4 டிகிரி குளிர். அதில் தூங்கினால் பல எழுந்திருக்காது.

இப்போது நான் செய்வது இதுதான். அகலமான மண்சட்டியில் பாதிக்கு ஆற்றுமணலைக் கொட்டி நன்றாக நனைக்கிறேன். அதன் மேல் சாக்குத்துணி. துணியின் மேல் சின்னக் கூடையில் முட்டைகள், கூர்முனை கீழே இருக்கும்படி. சட்டியின் வாயை மெல்லிய ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்துவிடுவேன். முட்டை மட்டும் நனையக் கூடாது. அழுக்காக இருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள், கழுவாதீர்கள். ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே போகும்.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதுங்கள். கோடையில் ஐந்து நாள், குளிர்காலத்தில் ஏழு நாள். அதைத் தாண்டியது ஆம்லெட்டுக்கு. ஐந்து நாளில் பத்து முட்டை எப்படிச் சேரும்? ஒரே கோழி வைத்திருந்தால் சேராது. சேவல் இருக்கும் பக்கத்து வீட்டில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

3. கூடு

மூங்கில் கூடைதான் என் தேர்வு. பிளாஸ்டிக் டப்பில் காற்றோட்டம் கிடையாது, அடியில் ஈரம் கோத்துக்கொள்கிறது. கூடையில் வெயிலில் காயவைத்த மணலை மூன்று விரல் உயரத்துக்குப் போட்டு, மேலே வைக்கோலைப் பரப்பி, நடுவில் லேசாகக் குழித்துவிடுங்கள். அப்போதுதான் முட்டை ஓரத்துக்கு உருளாது. பாம்பும் கீரியும் எட்டாத, கொஞ்சம் இருட்டான மூலையாக இருக்கட்டும்.

எங்கள் அப்பத்தா ஒரு கரித்துண்டு, இரும்பு ஆணி, காய்ந்த மிளகாய் மூன்றையும் கூடைக்குள் போடச் சொல்வார். "இடி இடிச்சா முட்டை கலங்கிரும்டா." இடிச் சத்தத்துக்கும் பொரிப்புக்கும் ஆணியால் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் போட்டுவிடுகிறேன். போடாமல் குஞ்சு குறைந்தால் யார் பேச்சு வாங்குவது?

4. வைப்பதும் காத்திருப்பதும்

பொழுது சாய்ந்த பிறகு முட்டைகளை வைத்து, கோழியைத் தூக்கி மேலே விடுங்கள். இருட்டில் அதிகம் முரண்டு பிடிக்காது. நம் ஊர்ப் பெட்டைக்கு 10 முதல் 12 முட்டை அளவு. இறக்கைக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் எடுத்துவிடுங்கள். கோழி முட்டைகளைப் புரட்டும்போது அந்த இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று ஒன்று குளிரும், நாளை இன்னொன்று.

தினமும் ஒரு முறை இறங்கித் தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டுவிட்டு வரும். கால் மணி, இருபது நிமிஷம் ஆகும், பதற வேண்டாம். கம்பு, சோளம் மாதிரி முழுத் தானியம் போடுங்கள்.

5. ஏழாம் நாள் வெளிச்சம்

ஆன்லைனில் இதற்கென்று விற்கும் விளக்கை வாங்கி ஏமாந்தேன். அட்டையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை போட்டு, அடியில் செல்போன் டார்ச்சைப் பிடித்தால் போதும். இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையை ஓட்டை மேல் வையுங்கள். சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது. ஒன்றுமே தெரியாமல் பளிச்சென்று இருந்தால் எடுத்துவிடுங்கள். சந்தேகமாக இருப்பதை மறுபடி வைத்து, பத்தாம் நாள் பாருங்கள்.

6. கடைசி மூன்று நாள்

18ஆம் நாளுக்குப் பிறகு கை வைக்காதீர்கள். வெந்நீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்ப்பார்கள் சிலர். ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் உள்ளே இருப்பது மூழ்கிச் சாகும். வறண்ட நாளாக இருந்தால் கூடையைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளியுங்கள், போதும்.

21ஆம் நாள் ஓட்டில் ஓட்டை விழுந்த பிறகும் குஞ்சு வெளியே வர சில மணி நேரம் ஆகும், சில சமயம் ஒரு நாள்கூட. பாவமாக இருக்கிறதே என்று உரித்துவிடாதீர்கள். ஓட்டோடு ஒட்டிய நரம்பில் இருக்கும் ரத்தமும் மீதி மஞ்சள் கருவும் அப்போதுதான் உடம்புக்குள் இழுபடும். அந்த மஞ்சள் கரு இருப்பதால் முதல் இரண்டு நாள் தீனி இல்லாமலும் குஞ்சு தாங்கும்.

எல்லாம் பொரித்ததும் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரம் (கோழியை மூடும் பெரிய கூடை) போட்டுக் கவிழ்த்து வையுங்கள். காக்காவுக்கும் பருந்துக்கும் அது ஒன்றுதான் பதில். காய்ச்சி ஆறிய தண்ணீர், நொய், உடைத்த கம்பு. ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்கக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவாருங்கள். சூடேறிவிட்டால் போட்டும் பயனில்லை.

பின்சேர்க்கை: கமெண்டில் வந்தவை

ஒருவருக்கு 21ஆம் நாள் ஐந்து குஞ்சு பொரித்து, மீதி முட்டை கனமாக அப்படியே இருந்ததாம். வேறொரு பெட்டை அதே கூட்டில் புகுந்து முட்டையிட்டிருக்கிறது. பென்சில் தேதி இதற்கும் உதவும். தேதி இல்லாத முட்டையை அன்றன்றைக்கு எடுத்துவிடுங்கள்.

இன்னொருவரின் கோழி 16ஆம் நாள் எழுந்து போய்விட்டது. கூடையைத் தட்டச் சொன்னேன். வைக்கோல் முழுக்கச் செள்ளுப்பூச்சி. ராத்திரி முழுக்க ரத்தம் உறிஞ்சினால் எந்தக் கோழிதான் உட்காரும்? பழைய வைக்கோலை எரித்துவிட்டுப் புதுசு போடுங்கள். கோழி மண்ணில் புரளும் இடத்தில் சாம்பலைக் கலந்து வையுங்கள். அந்தப் பருவத்தில் முட்டை சில மணி நேரம் குளிர்ந்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். வேறு அடைக்கோழி இருந்தால் அதன் கீழே வைத்துப் பாருங்கள். அவருக்கு நான்கு பொரித்தது.

வாத்து முட்டையைக் கோழி முட்டையோடு சேர்த்து வைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கோழி அடைகாக்கும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் வாத்துக்கு 28 நாள். 21ஆம் நாள் தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கோழி கிளம்பிவிடும். வைப்பதானால் வாத்து முட்டையை மட்டும் தனியாக வையுங்கள், ஏழெட்டுக்கு மேல் வேண்டாம்.