கூட்ட அறைக்கு ஒரு கூட்டுக் கணக்கு

காவேரிப்பட்டணத்தில் எங்கள் மா விவசாயிகள் குழுவின் கணக்கை எழுதுபவன் நான். தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒருவர் கூட்டத்துக்கு வந்து திரும்பினால் ஒரு நாள் வேலை போய்விடும். அதனால் ஜிட்சி என்ற திறந்த மூல (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய) காணொளிக் கூட்ட மென்பொருளைக் கொண்டு இணையத்தில் சொந்தக் கூட்ட அறை அமைத்தோம்.

மாத வாடகைக்கு ஒரு சர்வர் (எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினி), ஒரு இணைய முகவரி வாங்குங்கள். அதில் இயங்குதளமாக டெபியன் அல்லது உபுண்டு போதும். ஜிட்சியை நிறுவியதும் டிசிபி 80, 443, யுடிபி 10000 ஆகிய போர்ட்டுகளை, அதாவது சர்வருக்குள் தரவு வந்துபோகும் எண்ணிட்ட வாசல்களை, திறந்துவிடுங்கள். கடைசியானதை நாங்கள் மறந்துவிட்டோம். இருவர் பேசும்வரை நேரடி இணைப்பு என்பதால் குறை தெரியவில்லை; மூன்றாமவர் நுழைந்ததும் பேச்சு சர்வர் வழியாக, அந்த யுடிபி வாசலில்தான் போக வேண்டும் என்பதால் குரல் நின்றது.

அதைவிட முக்கியம் பணம். முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். மென்பொருளுக்கு விலை இல்லை; அதைப் பராமரிப்பவரின் உழைப்புக்கு உண்டு. 2003இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்ற மாணவர் தொடங்கியது ஜிட்சி. 2015இல் அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது, 2018இல் எயிட் பை எயிட் என்ற நிறுவனம். சம்பளம் வாங்கும் பொறியாளர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து வளர்த்ததைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். நம் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை மட்டும் சும்மா வேலை வாங்குவது எந்த ஊர் நியாயம்? அவருக்கு மாதச் சம்பளம் எழுதிவைத்திருக்கிறோம்.

ஆண்டுச் சந்தாவை ஆனியில், பெங்களூரா மாங்காய் விற்ற கையோடு வாங்கிவிடுங்கள். மார்கழியில் கேட்டால் யார் கையிலும் பணம் இருக்காது. பர்கூர் மகளிர் குழு ஒன்றும் இதே சர்வரில் கூடுகிறது. வாடகையில் பாதி அவர்களுடையது. சிக்னல் குறைந்த ஊர்க்காரர்கள் கேமராவை நிறுத்திவிட்டுப் பேசட்டும்.