சுட்ட ரைஃபிள் உறையை மறுபடி பயன்படுத்தத் தயார் செய்வது

ஒரு தோட்டாவைச் சுட்டதும் குண்டு, மருந்து, அதைப் பற்றவைக்கும் ப்ரைமர் மூன்றின் வேலையும் முடிந்துவிடும். மிஞ்சுவது பித்தளை உறை மட்டும். .308 வின்செஸ்டர் போன்ற தோட்டாவில் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை எழும் அழுத்தத்தைப் பின்பக்கம் கசியவிடாமல் அடைத்து நிறுத்துவது அந்த உறைதான். அதனால் உறையைத் தயார் செய்யும் வேலையை நான் ஒருநாளும் அவசரமாகச் செய்வதில்லை. தோட்டாவை மறுபடி நிரப்பச் சட்டம் இடம் கொடுக்கிறதா, உரிமம் வேண்டுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் வேலை பிரிப்பது. அடியில் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்து, ஒரே அளவு, ஒரே தயாரிப்பு என்று தனித்தனியாக வையுங்கள். தயாரிப்புக்குத் தயாரிப்பு சுவரின் கனம் மாறும், உள்ளே இருக்கும் இடமும் மாறும். எத்தனை முறை சுட்டது என்று தெரியாத உறையை நான் சேர்ப்பதே இல்லை. அடுத்து, வாய் வழியாக டார்ச் அடித்து அடியைப் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் அது பாக்ஸர் வகை, வழக்கமான கருவியில் ப்ரைமரைத் தள்ளிவிடலாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான் வகை. அதை ஒதுக்கிவிடுங்கள், தள்ளினால் ஊசிதான் உடையும். கழுத்தில் விரிசல், ஆழமான நெளிசல், அடிப்பக்கம் வீக்கம், ப்ரைமரைச் சுற்றிக் கரி கசிந்த தடம் இவற்றில் எது இருந்தாலும் அந்த உறை வேண்டாம்.

இனி வருவதுதான் பலரும் தாண்டிப் போகிற சோதனை. பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைக் கொஞ்சமாக மடக்கிக் கூராக்கிக்கொள்ளுங்கள். அதை உறைக்குள் அடிவரை விட்டு, நுனி சுவரில் பதியும்படி மெதுவாக மேலே இழுங்கள். கனமான அடி முடிந்து சுவர் மெலியும் இடத்தில் கம்பி வழுவழுவென்று சரிந்து வந்தால் நல்லது. அதற்குச் சற்று மேலே நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி, அதன் விளிம்பில் தட்டி ஏறினால், அங்கே உலோகம் இழுபட்டு மெலிந்திருக்கிறது. அதே உயரத்தில் வெளியே ஒரு பளபளப்பான வளையம் தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம். கண்ணைவிடக் கம்பியை நம்புங்கள். அடுத்த முறை சுடும்போது உறை இரண்டாகப் பிரிகிற இடம் அதுதான். புதிய உறை ஒன்றையும் பழையது ஒன்றையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தால் கைக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

ப்ரைமரைத் தள்ளிய பிறகு கழுவுவது என் வழக்கம், ப்ரைமர் குழியும் சுத்தமாகும் என்பதால். சுட்ட ப்ரைமரின் கரியில் ஈயம் இருக்கும். கையுறை போடுங்கள். தண்ணீர் இல்லாமல் துகளோடு சேர்த்து உருட்டிச் சுத்தம் செய்தால் தூசி பறக்கும், ஆகவே காற்றோட்டமான இடத்தில் முகக்கவசத்தோடு செய்யுங்கள். சமையல் பாத்திரமோ சமையலறைத் தொட்டியோ இதற்கு வேண்டவே வேண்டாம். தண்ணீரில் கழுவினால் உள்ளே ஈரம் துளியும் நிற்காதபடி நன்றாகக் காயவையுங்கள். சூடு காட்டிக் காயவைப்பதாக இருந்தால் மிகக் குறைந்த சூடுதான். உறையின் அடி மென்மையாகிவிட்டால் அது எதற்கும் உதவாது.

அப்புறம் சைசிங், அதாவது சுட்டதில் விரிந்த உறையை டை என்ற அச்சுக்குள் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது. உறையின் உடலில் எண்ணெய்ப் பசையை மெல்லிய படலமாகத் தடவுங்கள், கழுத்தின் உள்பக்கம் துளி போதும். தோளில், அதாவது உடல் கழுத்தாகக் குறுகும் சரிவில், பசை தேங்கினால் அங்கே குழி விழும். பசையே இல்லாமல் டைக்குள் ஏற்றினால் உறை சிக்கிக்கொண்டு அடிவிளிம்பு பிய்ந்துவரும். உறையை டைக்குள் அமுக்கும் பிரஸ்ஸின் கைப்பிடி வழக்கத்தைவிடக் கனத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இந்த இடத்தில்தான் நான் வெகுநேரம் செலவழிப்பேன். சுடும்போது உறை, துப்பாக்கிக்குள் அது உட்காரும் சேம்பரின் சுவரை முட்டிப் பரவுகிறது. மறுபடி டைக்குள் அமுக்கும்போது, பக்கவாட்டில் நெருக்கப்பட்ட உலோகம் போக இடம் தேடிக் கழுத்துப் பக்கம் நகர்கிறது. அதனால் வாய் நீள்கிறது. அந்தக் கூடுதல் நீளம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அடிக்கு மேலே இருக்கும் சுவரிலிருந்து. வாயில் நாம் வெட்டி எறிகிற ஒவ்வொரு சுருளும் கீழே சுவர் மெலிந்ததற்கு அடையாளம். தோளைத் தேவைக்கு மேல் பின்னால் தள்ளினால் இந்த நகர்வு கூடும். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குத் தோளைச் சுமார் 0.05 மி.மீ. பின்தள்ளினால் போதும். தானாக ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளுக்கு 0.08 முதல் 0.10 வரை விடலாம். டையை அடிவரை திருகி வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் வெட்டிக்கொண்டே இருப்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாயை வெட்டும் ட்ரிம்மரை விடுங்கள், டையைச் சரிசெய்யுங்கள்.

நீளத்தை எப்போதும் சைஸ் செய்த பிறகு அளக்கவேண்டும், முன்னால் அளந்தால் அந்த அளவு பயன்படாது. பசையைத் துடைத்துவிட்டு, வெர்னியர் காலிப்பரின் தாடையைச் சுத்தம் செய்து, மூடிய நிலையில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். உறையை நேராகப் பிடித்து, கொஞ்சம் திருப்பி இன்னொருமுறை அளங்கள். .308-க்கு அதிகபட்ச நீளம் 51.18 மி.மீ., வெட்டி நிறுத்தவேண்டிய நீளம் 50.93. .223 ரெமிங்டனுக்கு 44.70, வெட்ட 44.45. வேறு அளவு என்றால் அதற்கான கையேட்டைப் பாருங்கள். எல்லையைத் தாண்டிய உறை சேம்பரின் முனையில் முட்டி, வாய் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குண்டு விடுபட இடமில்லாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். நீளம் குறைவாக இருப்பதில் இந்த ஆபத்து கிடையாது.

ட்ரிம்மரை ஒரு உறையை வைத்தே அமையுங்கள். வெட்டும் பல் வாயைத் தொடும் இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, வெட்டி, அளந்து, மறுபடி நகர்த்துங்கள். சரியானதும் பூட்டுத் திருகை இறுக்குங்கள், இறுக்கியபின் இன்னொரு உறையை வெட்டி அளங்கள். இறுக்கும்போதே அளவு நகர்வது உண்டு. சுழற்றும்போது அழுத்தம் சீராக இருக்கட்டும். பித்தளை மெல்லிய சுருளாக வரும். பொடிப்பொடியாக வந்தாலோ வாய் ஒரு பக்கம் உயர்ந்து நின்றாலோ பல் மழுங்கியிருக்கலாம், அல்லது உறை சாய்வாக உட்கார்ந்திருக்கலாம்.

வெட்டிய வாயின் உள்ளும் புறமும் பிசிறு நிற்கும். வெளியே லேசாக ஒரு சுற்று, உள்ளே சின்னதாக ஒரு சாய்வு, அவ்வளவுதான். கத்திபோல் கூராக்கினால் வாய் பலம் இழக்கும், சீக்கிரம் விரியும். காது குடையும் பஞ்சுக்குச்சியை வாய்க்குள் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் இன்னும் பிசிறு இருக்கிறது, அது குண்டின் மேலுறையைக் கீறும்.

ராணுவ உறை என்றால் ப்ரைமர் குழியின் விளிம்பைப் பிடிப்புக்காக நசுக்கி வைத்திருப்பார்கள். அதற்கான கருவியால் விரித்தாலோ சீவினாலோதான் புது ப்ரைமர் நேராக உட்காரும். சீவுபவர்கள் நசுக்கிய விளிம்பு போனதும் நிறுத்துங்கள், குழியே அகன்றுவிட்டால் ப்ரைமர் நிற்காது. துளையில் உருட்டும் துகள் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கழுத்தை நெருப்பில் காட்டி இளக்குவது நல்ல வித்தைதான், ஆனால் சூடு அடிக்கு இறங்கவே கூடாது என்பதால் அதைப் பழகியவரிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

கடைசியில் பெட்டிக்குள் ஒரு சீட்டு: எத்தனை முறை சுட்டது, எத்தனை முறை வெட்டியது. வெட்டிய எண்ணிக்கை ஏற ஏறக் கம்பிச் சோதனையை இன்னும் கவனமாகச் செய்யுங்கள். ஒரு பெட்டியில் ஒன்றுக்கு மேல் பள்ளம் காட்டினால் அந்தத் தொகுதி முழுவதையும் நான் ஒதுக்கிவிடுவேன், எல்லாம் ஒன்றாக ஓடி வந்தவைதானே. ஒதுக்கியவற்றின் வாயைக் குறடால் நசுக்கித் தனி டப்பாவில் போடுங்கள். நல்லதோடு எதுவும் தவறிக் கலந்துவிடாது.