கடற்கரையில் குறும்படமா? ஒரு நிமிடச் சத்தத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்

தனுஷ்கோடியிலோ பாம்பனிலோ குழுவாகக் குறும்படம் எடுக்கும் மாணவர்கள், இடத்தைக் காலி செய்யும் முன் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் அதே மைக்கில் பதிவு செய்யுங்கள். அலையும் காற்றும் ஷாட்டுக்கு ஷாட் கூடிக் குறையும். வெட்டி ஒட்டும்போது சத்தம் ‘டப்’பென்று மாறுவது காதில் உறுத்தும். எடிட்டிங்கில் வசனத்துக்குக் கீழே இன்னொரு ட்ராக்கில் இந்த ஒரு நிமிடப் பதிவை மெல்லிசாக ஓடவிட்டு, வெட்டுகளில் நாலைந்து ஃப்ரேம் கிராஸ்ஃபேட் (ஒரு சத்தம் மெல்ல அடங்க, அடுத்தது மெல்ல எழுவது) கொடுத்தால் ஒட்டு தெரியாது.

காற்று நேரே மைக்கில் மோதி ‘படபட’வென்று கேட்கும் வசனத்தை இது காப்பாற்றாது, அதற்கு டப்பிங்தான். பாலத்தில் ரயில் போகும்போது எடுத்த ஷாட்டுக்கும் உதவாது.