லாகின் வேலை செய்கிறது, தப்பான பாஸ்வேர்டுக்கும்

நோட் ஜேஎஸ்ஸில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது) லாகின் எழுதுபவர்கள் பலரும் சரியான பாஸ்வேர்டை அடித்துப் பார்க்கிறார்கள். உள்ளே போய்விட்டால் அடுத்த வேலைக்குத் தாவிவிடுகிறார்கள். முதலில் அடித்துப் பார்க்க வேண்டியது தப்பான பாஸ்வேர்டை. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பிகிரிப்ட் பேக்கேஜின் கம்பேர் ஃபங்ஷன் பதிலை உடனே தராது, ஒரு பிராமிஸைத்தான் தரும், அதாவது பதில் பின்னால் வரும் என்ற ஒரு சீட்டை. பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெயிட்டை முன்னால் போட மறந்தால் இஃப் சோதித்துப் பார்ப்பது அந்த பிராமிஸை. அது ஒரு ஆப்ஜெக்ட், அதனால் எப்போதும் உண்மை. யார் எதை அடித்தாலும் லாகின் ஆகிவிடும். எரர் எதுவும் வராது என்பதுதான் இதில் மோசம். தப்பான பாஸ்வேர்டுக்கு 401 (அனுமதி இல்லை என்ற பதில்) வருகிறதா என்று ஒரே ஒரு டெஸ்ட் எழுதி வைத்தால் போதும்.

பாஸ்வேர்டை அப்படியே டேட்டாபேஸில் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எம்டி5, ஷா-256 என்று ஏதாவது ஒரு முறையில் ஹாஷாக (பழையபடி திருப்ப முடியாத குறியாக) மாற்றிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அவை வேகமாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. திருடிய ஹாஷை வைத்து ஊகித்துப் பார்ப்பவனுக்கு அந்த வேகம்தான் வசதி. 2012இல் லிங்க்ட்இன்னில் இருந்து கசிந்தவை சால்ட் (ஒவ்வொரு பாஸ்வேர்டுடனும் சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்) இல்லாத ஷா-1 ஹாஷ்கள்தான். வேண்டுமென்றே மெதுவாக ஓடும் பிகிரிப்ட் அல்லது ஆர்கான்2ஐடி பயன்படுத்துங்கள்.

பிகிரிப்டில் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அது முதல் 72 பைட்டை மட்டும்தான் பார்க்கும். ஆங்கிலத்தில் அது 72 எழுத்து, தாராளம். எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்குக் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக 3. ‘மழைவந்தால்குடைஎடுக்கணும்’ என்பதை எண்ணிப் பாருங்கள்: 24 குறியீடு, சரியாக 72 பைட். அதற்குப் பின்னால் ஒருவர் 1987 என்று சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஹாஷுக்கு ஒன்றுதான். அதனால் சைன்அப்பில் நீளத்தைப் பைட் கணக்கில் பாருங்கள், இல்லையேல் ஆர்கான்2ஐடிக்கு மாறிவிடுங்கள். அப்புறம், ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஹாஷ் மட்டும் வேறு. ஹாஷ் செய்யும் முன்பும் ஒப்பிடும் முன்பும் இரண்டையும் ஒரே வடிவமாக்கும் நார்மலைஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

சைன்அப்பில் ‘இந்த ஈமெயில் இருக்கிறதா’ என்று தேடிவிட்டு, இல்லை என்றால் சேர்ப்பது போதாது. பட்டனை இரண்டு முறை தட்டினால் இரண்டு ரிக்வெஸ்ட்டுக்கும் ‘இல்லை’ என்றே பதில் வரலாம், ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு முளைக்கும். ஒரே ஈமெயில் இரண்டு முறை சேராமல் தடுக்கும் யுனிக் இண்டெக்ஸை டேட்டாபேஸிலேயே போடுங்கள். ஈமெயிலைச் சிறிய எழுத்தாக்கிச் சேமியுங்கள்.

லாகின் ஆனபின் ஜேடபிள்யூடி டோக்கனை (ஆள் யார் என்று சொல்லும், சர்வர் கையெழுத்திட்ட சீட்டு) பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் வைப்பது இன்னொரு பழக்கம். பக்கத்தில் எப்படியோ நுழைந்துவிட்ட ஒரு அந்நிய ஸ்கிரிப்ட் அதை ஒரே வரியில் எடுத்துக்கொண்டு போய்விடும். லாக்அவுட் செய்தாலும் அந்த டோக்கன் காலாவதி ஆகும்வரை செல்லும். ஒரே சர்வரில் ஓடும் சாதாரண வெப் ஆப்புக்கு ஜேடபிள்யூடி தேவையே இல்லை என்பது என் கருத்து. செஷன் குக்கி போதும்: ஸ்கிரிப்ட் படிக்க முடியாமல் செய்யும் எச்டிடிபி ஒன்லி, எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் அனுப்பும் செக்யூர், வேறு தளத்திலிருந்து வரும் ரிக்வெஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் சேம்சைட் மூன்றையும் போட்டு. லாகின் ஆனதும் செஷன் ஐடியைப் புதிதாக்குங்கள். செஷன்களைக் கவனிக்கும் எக்ஸ்பிரஸ் செஷன் பேக்கேஜ் தானாகவே பயன்படுத்தும் மெமரி ஸ்டோர் டெவலப்மெண்டுக்கு மட்டும்தான், சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் எல்லோரும் வெளியே.

‘இந்த ஈமெயில் பதிவாகவில்லை’, ‘பாஸ்வேர்டு தவறு’ என்று தனித்தனியாகச் சொல்லாதீர்கள். யாருக்குக் கணக்கு இருக்கிறது என்பதை நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கான பக்கத்திலும் இதே கதைதான்: கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘பதிவான முகவரியாக இருந்தால் மெயில் வரும்’ என்று ஒரே பதில். அந்த மெயிலில் போகும் டோக்கனை ஊகிக்கக் கூடிய எண்களைத் தரும் மேத் ரேண்டமில் உருவாக்காதீர்கள், நோடின் கிரிப்டோ மாட்யூல் இருக்கிறது. ஒரு முறை பயன்படுத்தியதும் அதை அழித்துவிடுங்கள்.