ஃப்ராக்மென்ட் கேஷ் போடுறப்போ எங்கெல்லாம் சறுக்கும்

ரூபி ஆன் ரெயில்ஸ்ல ஒரு பக்கம் ஸ்லோவா இருந்தா வியூல ஒரு கேஷ் பிளாக் போட்டா சரியாயிடும்னு நிறைய பேர் உடனே போட்டுடுறாங்க, ஆனா அப்படி ஒரு தடவை உருவாக்கி சேமிச்சு வைக்கிற பக்கத்துண்டு (ஃப்ராக்மென்ட்) எதையெல்லாம் பொறுத்து மாறும்னு பார்க்கிறதே இல்ல, பிரச்சனை எல்லாமே அங்கதான் ஆரம்பிக்குது.

ரொம்ப ஆபத்தானது, யூசருக்கு யூசர் மாறுற விஷயத்தைப் பொதுவான கேஷ்க்குள்ள வைக்கிறது. அட்மின் முதல்ல பக்கத்தைத் திறந்தார்னா அவருக்கு வந்த டிலீட் பட்டன் அப்படியே கேஷாகி எல்லாருக்கும் தெரியும். உள்ள ஃபார்ம் இருந்தா முதல் ஆளோட சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (ஃபார்ம் நம்ம சைட்லேர்ந்துதான் வருதான்னு சரிபார்க்கிற ரகசியக் குறி) மத்தவங்களுக்குப் போய் அவங்க சப்மிட் பண்ணா எரர் வரும். இந்த மாதிரி பகுதிய கேஷ்க்கு வெளிய எடுத்துடுங்க, முடியலைன்னா அட்மினா இல்லையாங்கிறதையும் கீல (கேஷ்ல அந்தத் துண்டைத் தேடுற பெயர்ல) சேருங்க. பல மொழி சைட்டா இருந்தா மொழியும் கீல வரணும், இத மறக்கிறவங்க ஜாஸ்தி.

அடுத்தது, கன்ட்ரோலருக்கு கன்ட்ரோலர் கேஷைக் கையால எக்ஸ்பயர் பண்றது, அதாவது பழசை அழிக்கிற வரிய எழுதி வைக்கிறது. கன்சோல்லயோ பேக்ரவுண்ட் ஜாப்லயோ டேட்டா மாறினா அந்த வரி ஓடவே ஓடாது, பழசுதான் தெரியும். ரெக்கார்டையே கீயா கொடுத்துட்டா அதோட அப்டேட்டட் அட் (கடைசியா மாறின) நேரம் மாறினதும் புதுசு தானா வந்துடும். ஆனா அப்டேட் ஆல், அப்டேட் காலம்ஸ்னு ரெண்டு மெத்தடும் அந்த நேரத்தைத் தானா மாத்தாது, அதனால நீங்கதான் அதையும் சேர்த்து எழுதணும். அதே மாதிரி போஸ்ட்டோட கேஷ்க்குள்ள கமென்ட் இருந்தா, கமென்ட் மாடல்ல பிலாங்ஸ் டு வரியில டச் ட்ரூ (கமென்ட் மாறினா போஸ்ட்டோட நேரத்தையும் மாத்துற ஆப்ஷன்) போடலைன்னா கமென்ட்டை எடிட் பண்ணாலும் வெளிய இருக்கிற போஸ்ட் துண்டு பழசாவே நிக்கும்.

டெம்ப்ளேட்டை மாத்தினா கீல இருக்கிற டைஜஸ்ட் (டெம்ப்ளேட்லேர்ந்து கணக்கிட்ட குறி) மாறி கேஷும் புதுசாகும், ஆனா ஹெல்ப்பர் மெத்தடை (வியூ கூப்பிடுற தனி ரூபி கோடை) மட்டும் மாத்தினா ஆகாது. டிப்ளாய் பண்ணியும் பழைய ஹெச்டிஎம்எல்லே வருதுன்னா முதல்ல இதைப் பாருங்க.

கன்ட்ரோலர்லயே டு ஏ (ரிசல்ட்டை உடனே அரேயா மாத்துற மெத்தட்) போட்டு குவெரிய ஓட்டிட்டா, வியூல கேஷ் இருந்தும் டேட்டாபேஸ் வேலை மிச்சமாகாது.

கேஷை சேமிக்க ரெடிஸ் வச்சிருந்தா மேக்ஸ்மெமரி லிமிட்டும் எவிக்ஷன் பாலிசியும் (இடம் நிரம்பினா எதைத் தூக்குறதுங்கிற விதி) செட் பண்ணுங்க, டீஃபால்ட்டா இருக்கிறது நோஎவிக்ஷன், லிமிட் நிரம்பினதும் புதுசா எதையும் எழுத விடாது. இன்னொரு கேஷ் ஸ்டோரான மெம்கேஷ்டுல ரெஜெக்ஸ் (பேட்டர்ன்) கொடுத்து மொத்தமா அழிக்கிறதும் நடக்காது.

டெவலப்மென்ட்ல கேஷ் டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும். ரெயில்ஸ் 5லேர்ந்து ரெயில்ஸ் டெவ் கேஷ் கமாண்ட் இருக்கு, அத ஆன் பண்ணிட்டு ரெண்டு வேற வேற அக்கவுண்ட்ல லாகின் பண்ணி ஒரே பக்கத்தைத் திறந்து பாருங்க, மேல சொன்ன டிலீட் பட்டன் மாதிரி கேஸெல்லாம் லைவ் போறதுக்கு முன்னாடியே மாட்டிக்கும்.